வெளிநாட்டு ஸ்கூல் "ஃப்ரீ அப்பார்ட்மென்ட்"னு சொன்னா அதுல என்ன இருக்கும், எதக் கேட்டு வாங்கிக்கணும்

கேள்வி இதுதான். பெங்களூர்ல கே.ஆர்.புரம் பக்கம் ஒரு சிபிஎஸ்இ ஸ்கூல்ல இங்கிலீஷ் எடுக்குற ஒரு டீச்சருக்கு ரெண்டு ஆஃபர் வந்திருக்கு. மஸ்கட்ல ஒரு இந்தியன் ஸ்கூல், அதுல "ஷேரிங் அக்காமடேஷன் ஃப்ரீ"ன்னு போட்டிருக்கு. இன்னொண்ணு தாய்லாந்து வடகிழக்குல ஒரு சின்ன டவுன், அதுல "ரூம் ஃப்ரீ, வேணாம்னா மாசம் 5,000 பாட்"ன்னு இருக்கு. எந்த மாதிரி வீடு தருவாங்க, நம்பிப் போலாமா, ரூம் வாங்குறதா காசா வாங்குறதா, தனியா எங்கடி தங்குவன்னு அம்மா தினமும் கேக்குறாங்கன்னு எழுதியிருக்காங்க.

அம்மா கேக்குறதுதாங்க சரியான கேள்வி. சம்பளம் எவ்வளவுன்னு எல்லாரும் நாலு தடவ கேட்டு உறுதி பண்ணிக்கிறாங்க, வீட்டப் பத்தி மட்டும் "அதெல்லாம் ஸ்கூல் பாத்துக்கும்"னு ஒரு வரியோட விட்டுடுறாங்க, ஆனா அங்க போனப்புறம் தினமும் சாயந்திரம் திரும்பிப் போய் நிக்கப்போறது அந்த வீட்டுலதான். நான் மஸ்கட்லயும் அப்புறம் தாய்லாந்துலயும் வேலை பாத்துட்டு இப்ப அல்சூர்ல இருக்கேன், வெளிநாடு போற டீச்சர்ஸ் கூட உக்காந்து அவங்க கான்ட்ராக்ட் படிச்சுக் குடுக்குறேன், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன், நீளமா போகும், பொறுமையா படிங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு. ஸ்கூல் குடுக்குற வீடு உங்க சம்பளத்துல ஒரு பகுதி, அத அவங்க செய்ற உதவியா நினைச்சு கேள்வி கேக்க கூச்சப்படாதீங்க. அத விட முக்கியம், இங்க வேலை ஒரு இடம், வீடு ஒரு இடம், வேலை போனாலும் அன்னிக்கு ராத்திரி படுக்க நம்ம வீடு இருக்கு. அங்க அப்படி கிடையாது, வேலை, விசா, வீடு மூணும் ஒரே ஆள் கைல. நல்ல ஸ்கூலா இருந்தா இது பெரிய நிம்மதி, இறங்கின அன்னிக்கே சாவி கைக்கு வந்துரும். உறவு கெட்டுப்போச்சுன்னா மூணும் ஒரே நாள்ல ஆட்டம் காணும். அதனால வீடு அழகா இருக்கா, பால்கனி இருக்கா, வைஃபை இருக்கான்னு கேக்குறதுக்கு முன்னாடி, வேலை முடிஞ்சா வீட்ட எத்தன நாள்ல காலி பண்ணணும்னு கேளுங்க. கான்ட்ராக்ட்ல அந்த வரி இல்லன்னா எழுதி வாங்குங்க. இந்த பதில்ல நீங்க ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிட்டு போறதா இருந்தா இத எடுத்துக்கோங்க.

அடுத்தது கான்ட்ராக்ட்ல வீட்டப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு நிதானமா பாருங்க. "வீடு பாக்க உதவி செய்வோம்"னு இருந்தா புரோக்கர்கிட்ட கூட்டிட்டுப் போவாங்க, வாடகை, அட்வான்ஸ் எல்லாம் உங்க தலைலதான். "தங்குமிடம் தரப்படும்"னு மட்டும் இருந்தா அது தனி ஃப்ளாட்டா, ரூமா, ஒரு ரூம்ல ரெண்டு கட்டில் போட்டதுல ஒண்ணான்னு எதுவும் தெரியாது. தனி ரூமா, தனி பாத்ரூமா, கிச்சன் எத்தன பேருக்கு, கரண்டு தண்ணி இன்டர்நெட் யாரு கட்டுறது, இதெல்லாம் மெயில்ல வரணும். வாட்ஸ்அப் கால்ல அந்த ஹெச்ஆர் எவ்வளவு அன்பா பேசினாலும் அது வாய் வார்த்தைதான், ஆறு மாசம் கழிச்சு அந்த ஹெச்ஆர் வேற வேலைக்குப் போயிருப்பாங்க, நீங்க யாருகிட்ட போய் கேப்பீங்க?

இப்ப மஸ்கட். இந்தியன் ஸ்கூல்ஸ் பெரும்பாலும் இந்தியாலருந்து வர்ற டீச்சர்ஸ சேத்து ஒரே பில்டிங்லயோ பக்கத்து பக்கத்து ஃப்ளாட்லயோ வைப்பாங்க, ரூவி, வாதி கபீர், தார்சைட் மாதிரி நம்ம ஆளுங்க நிறைய இருக்கிற ஏரியாவா இருந்தா உங்களுக்கு அதிர்ஷ்டம், கீழ இறங்கினா இட்லி மாவு, கறிவேப்பிலை, முருங்கைக்கா எல்லாம் கிடைக்கும். ரெண்டு பெட்ரூம், மூணு பெட்ரூம் ஃப்ளாட்ல மூணு நாலு டீச்சர்ஸ், ஹால் பொது, கிச்சன் பொது. ஃப்ளாட் அளவு தாராளமா இருக்கும், பெங்களூர் பிஜில இருந்தவங்களுக்கு ரூம் பெருசாவே தெரியும். ஸ்கூல் பஸ் காலைல வாசலுக்கே வந்துரும். லேடீஸ் ஃப்ளாட்னா ராத்திரி இத்தன மணிக்குள்ள உள்ள வரணும், வெளியாள் யாரும் தங்கக்கூடாதுன்னு ரூல்ஸ் இருக்கலாம், அந்த ரூல்ஸ முன்னாடியே அனுப்பச் சொல்லுங்க. உங்க அம்மாவுக்கு இந்த செட்டப் பிடிக்கும்னு நினைக்கிறேன்.

அங்க ஒரு விஷயம் யாரும் முன்னாடி சொல்ல மாட்டாங்க. வெயில் காலத்துல மொட்டை மாடி டேங்க்ல நிக்கிற தண்ணி கொதிக்கும், மே ஜூன்ல மத்தியானம் குழாயத் திறந்தா கை வைக்க முடியாது. அங்க இருக்கிறவங்க என்ன பண்ணுவாங்கன்னா பாத்ரூம்ல இருக்கிற கீசர ஆஃப் பண்ணிடுவாங்க, அதுக்குள்ள நிக்கிற தண்ணி ரூம் சூட்டுக்கு வந்துரும், அப்புறம் ஹாட் வாட்டர் பைப்பத் திறந்து அதுல குளிப்பாங்க. போன முதல் வாரமே இதக் கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. இன்னொண்ணு மூட்டைப்பூச்சி. கல்ஃப்ல ஆளு மாறி ஆளு வந்து தங்குற ஷேரிங் ஃப்ளாட்ல இது பெரிய தொல்லை. சாவி வாங்கின உடனே பெட்டிய கட்டில் மேல வைக்காதீங்க, மெத்தையத் தூக்கி அதோட ஓரத் தையல், கட்டில் பலகை இடுக்கு எல்லாம் போன் டார்ச் அடிச்சுப் பாருங்க, கருப்பா சின்ன சின்ன புள்ளி இருந்தா அப்பவே ஃபோட்டோ எடுத்து ஸ்கூல் அட்மினுக்கு அனுப்பி மெத்தை மாத்தச் சொல்லுங்க. ரெண்டு வாரம் கழிச்சுச் சொன்னா நீங்கதான் கொண்டு வந்தீங்கன்னு பேச்சு வரும். பில்டிங் வாட்ச்மேன நாத்தூர்னு சொல்வாங்க, அவர்கிட்ட நல்லா பழகி வச்சுக்கோங்க, ஏசி ஒழுகுறதுலருந்து கேஸ் சிலிண்டர் வரைக்கும் அவர் இல்லாம எதுவும் நடக்காது.

ஷேரிங்ல நிஜமான பிரச்சனை கிச்சன். நீங்க சைவமான்னு நீங்க எழுதல, சைவம்னா அத இன்டர்வியூ முடிஞ்ச உடனே சொல்லிடுங்க, சைவம் சாப்பிடுறவங்க ஃப்ளாட்ல போட முடியுமான்னு கேளுங்க, நிறைய ஸ்கூல் இதக் கேட்டா செய்யத்தான் செய்றாங்க. போனப்புறம் ஒரே ஃபிரிட்ஜ்ல மீன் இருக்குன்னு சண்ட போட்டுக்கிட்டு ஒரு வருஷம் ஓட்டுறது கொடுமை, நான் பக்கத்துலருந்து பாத்திருக்கேன், நல்ல ரெண்டு பேரு பேசிக்காமயே கான்ட்ராக்ட முடிச்சுட்டுப் போனாங்க. அதே மாதிரி சம்மர் லீவுல நீங்க ஊருக்கு வரும்போது உங்க ரூம் உங்களுக்கே இருக்குமா, சாமான வச்சுட்டு வரலாமா, இல்ல எல்லாத்தையும் கட்டி ஸ்டோர்ல போடணுமான்னு கேளுங்க. சில இடத்துல லீவுல ஃப்ளாட்ட காலி பண்ணி வாடகை மிச்சம் பிடிப்பாங்க, திரும்பி வரும்போது வேற ஃப்ளாட், வேற ஆளுங்க.

தாய்லாந்து வேற உலகம். நீங்க போறது வடகிழக்கு, அங்க ஸ்கூல் குடுக்குற "அப்பார்ட்மென்ட்" அனேகமா ஒரே ஒரு ரூம்தான். ஒரு கட்டில், அது மேல உறை இல்லாத மெத்தை, தலையணை போர்வை எதுவும் இருக்காது, ஒரு அலமாரி, ஒரு மேஜை, ஏசி, உள்ளயே பாத்ரூம், பின்னாடி ஒரு சின்ன பால்கனி, அதுல ஒரு சிங்க் இருந்தா உண்டு. கிச்சன் கிடையாது. தாய்லாந்துல தனியா இருக்கிறவங்க பெரும்பாலும் வெளிலதான் சாப்பிடுவாங்க, தெருவுக்குத் தெரு சாப்பாட்டுக் கடை, அதனால ரூம்ல சமையல் இடமே கட்டுறது இல்ல. பாத்ரூம்ல ஷவருக்கும் டாய்லெட்டுக்கும் நடுவுல தடுப்பு இருக்காது, குளிச்சா முழுசும் ஈரம், ஆனா டாய்லெட் பக்கத்துல தண்ணி பீச்சுற பைப் இருக்கும், அது நம்ம ஆளுங்களுக்கு பெரிய ஆறுதல். குழாய் தண்ணி குடிக்க மாட்டாங்க. பில்டிங் கீழயோ தெரு முனைலயோ ஒரு மெஷின் இருக்கும், ஒரு பாட் காசு போட்டா ஒரு லிட்டர் அளவுக்கு தண்ணி வரும், கேன் எடுத்துட்டுப் போய் பிடிச்சுக்கணும். துணி தோய்க்க கீழ காசு போடுற வாஷிங் மெஷின். முதல் நாள் ராத்திரி பத்து மணிக்குப் போய் இறங்கினா கடை எதுவும் தெரியாது, அதனால ஒரு பெட்ஷீட், ஒரு சின்ன தலையணை உறை, டவல், சோப்பு, கொஞ்சம் அவல் இல்லன்னா சத்துமாவு இத கேபின் பேக்லயே வச்சுக்கோங்க.

சமையல் முக்கியம்னா, ரூம்ல இண்டக்ஷன் அடுப்பு வைக்கலாமான்னு ஓனர்கிட்ட கேட்டுச் சொல்லச் சொல்லுங்க, சில பில்டிங்ல விட மாட்டாங்க, ரைஸ் குக்கருக்கு மட்டும் ஓகே சொல்வாங்க. துவரம்பருப்பு, புளி, பெருங்காயம் எல்லாம் சின்ன டவுன்ல கிடைக்கிறது கஷ்டம், பாங்காக்ல பஹுரத் பக்கம் கிடைக்கும், இல்லன்னா ஆன்லைன்ல ஆர்டர் போடணும். தாய்லாந்துல 220 வோல்ட், நம்ம மிக்ஸி ஓடும், ஆனா நம்ம மூணு உருண்டை பின் அங்க சொருகாது, அடாப்டர் வேணும். மஸ்கட்ல சதுர மூணு பின், அதுக்கு வேற அடாப்டர்.

இப்ப காசு விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா தாய்லாந்து ஸ்கூல் ரெண்டு வழி குடுத்திருக்கு. வடகிழக்கு சின்ன டவுன்ல 3,000லருந்து 5,000 பாட்டுக்குள்ள சாமான் போட்ட ரூம் கிடைக்கும், அப்ப 5,000 பாட் கைல வாங்கினா கொஞ்சம் மிச்சம் ஆகும்னு தோணும். ஆனா புதுசா வாடகைக்கு எடுத்தா பொதுவா ரெண்டு மாசம் டெபாசிட், ஒரு மாசம் முன்பணம் கேப்பாங்க. பெங்களூர்ல பத்து மாசம் அட்வான்ஸ் குடுத்துப் பழகினவங்களுக்கு இது ஒண்ணுமே இல்லதான், ஆனா 5,000 பாட் ரூம்னா 15,000 பாட் முதல் நாளே வேணும், நம்ம காசுல முப்பதாயிரத்துக்கு மேல, அதுவும் முதல் சம்பளம் வர்றதுக்கு முன்னாடி. பாஷை தெரியாத ஊர்ல ரூம் தேடணும், ஓனர் பேசுறது புரியாது, கூட வர ஸ்கூல்ல யாருக்கு நேரம் இருக்கும்னு தெரியாது. அதனால என்னோட அபிப்பிராயம், முதல் டெர்ம் ஸ்கூல் குடுக்குற ரூம்லயே இருங்க, ஊரு பழகினப்புறம் 5,000 பாட்டுக்கு மாறிக்கிறேன்னு கான்ட்ராக்ட்லயே ஒரு வரி போடச் சொல்லுங்க. நிறைய ஸ்கூல் ஒத்துக்கும், அவங்களுக்கு ஒரு செலவும் இல்ல.

கரண்டு பில்ல லேசா எடுத்துக்காதீங்க. ரூம் ஃப்ரீன்னா கரண்டும் ஃப்ரீன்னு அர்த்தம் இல்ல. தாய்லாந்துல கரண்டு கம்பெனி ரேட் யூனிட்டுக்கு 4 பாட் சுமாருக்கு இருக்கும், ஆனா பில்டிங் ஓனர் சப் மீட்டர் வச்சு 7, 8 பாட்னு வாங்குறது ரொம்ப சகஜம். ராத்திரி முழுசும் ஏசி போட்டா மாசம் 200 யூனிட் போறது பெரிய விஷயம் இல்ல, 4 பாட்னா 800, 8 பாட்னா 1,600. வருஷத்துக்கு கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு ஃப்ளைட் டிக்கெட் காசு. இதுல ஏமாத்து வேலைன்னு சொல்லி சண்டைக்குப் போறத விட, யூனிட் என்ன ரேட்டுன்னு போறதுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க. சாவி வாங்குற அன்னிக்கு மீட்டர் ரீடிங்க ஃபோட்டோ எடுங்க, அதுல தேதி தெரியணும், தண்ணி மீட்டர் இருந்தா அதையும். முன்னாடி இருந்த டீச்சர் விட்டுட்டுப் போன பாக்கி உங்க முதல் பில்லுல வந்து உக்காரும், அப்ப இந்த ஃபோட்டோதான் பேசும். சுவத்துல பூஞ்சை, உடைஞ்ச ஜன்னல் கொக்கி, கீறல் விழுந்த மேஜை எல்லாத்தையும் ஒரு வீடியோவா எடுத்து அன்னிக்கே ஸ்கூலுக்கு மெயில் பண்ணிடுங்க, காலி பண்ணும்போது டெபாசிட்ல கழிக்கிறது பெரும்பாலும் நீங்க உடைக்காத சாமானுக்குத்தான்.

லீவு மாசமும் கேளுங்க. தாய்லாந்துல ஸ்கூல் வருஷம் மே நடுவுல ஆரம்பிச்சு மார்ச்ல முடியும், நடுவுல அக்டோபர்ல லீவு. நிறைய கான்ட்ராக்ட் பத்து மாசம், பதினோரு மாசத்துக்குத்தான் இருக்கும், மார்ச் ஏப்ரல்ல சம்பளமும் இல்ல, ரூமும் இல்லன்னு ஆயிடக்கூடாது. அந்த ரெண்டு மாசம் ரூம் யார் கணக்குலன்னு கேட்டு வாங்குங்க.

அப்புறம் வீட்டுக்கும் விசாவுக்கும் இருக்கிற தொடர்பு, இது பலருக்குத் தெரியாது. தாய்லாந்துல ஒரு வெளிநாட்டு ஆளு வந்து தங்கினா வீட்டு ஓனர் 24 மணி நேரத்துக்குள்ள இமிக்ரேஷனுக்குத் தெரிவிக்கணும், டிஎம்30ன்னு ஒரு ஃபார்ம். அது இல்லன்னா பின்னாடி விசா எக்ஸ்டென்ஷனுக்குப் போய் நிக்கும்போது திருப்பி அனுப்புவாங்க. அதனால ஓனர் அத போட்டாச்சான்னு ஸ்கூல்கிட்ட கேட்டு அந்த ரசீத வாங்கி வச்சுக்கோங்க. வேலைய வச்சு வாங்கின எக்ஸ்டென்ஷன், வேலை முடியுற அன்னிக்கே முடிஞ்சுரும், மேல ஒரு ஏழு நாள் கேட்டு வாங்க 1,900 பாட் கட்டணும், அவ்வளவுதான். இப்ப நான் ஆரம்பத்துல சொன்னத யோசிச்சுப் பாருங்க, ரூமும் அன்னிக்கே காலி பண்ணணும்னா, பெட்டி கட்ட, பேங்க் அக்கவுண்ட் மூட, டெபாசிட் வாங்க நேரம் எங்க இருக்கு? கடைசி வேலை நாளுக்கும் கான்ட்ராக்ட் முடியுற தேதிக்கும் நடுவுல ஒரு வாரமாவது இடைவெளி இருக்கிற மாதிரி பேசி வைங்க. துபாய் பக்கம் போறவங்களுக்கு இதுல கொஞ்சம் பாதுகாப்பு இருக்கு, யுஏஇல 2021ல வந்த லேபர் சட்டப்படி கம்பெனி வீட்ட காலி பண்ண வேலை முடிஞ்சதுலருந்து 30 நாள் வரைக்கும் டைம் உண்டு. ஆனா அங்க கிராஜுவிட்டி பேசிக் சம்பளத்த வச்சுத்தான் கணக்கு, அதனால வீட்டையும் சேத்து ஒரு பெரிய நம்பர காட்டி "மொத்த பேக்கேஜ்"னு சொன்னாங்கன்னா அதுல பேசிக் எவ்வளவுன்னு கேளுங்க. குடும்பத்தக் கூட்டிட்டுப் போற எண்ணம் இருந்தா இன்னொண்ணு, யுஏஇல ஃபேமிலி விசாவுக்கு 4,000 திர்ஹாம் சம்பளம் வேணும், இல்லன்னா 3,000 திர்ஹாமோட கம்பெனி வீடு. அந்த வீடு குடும்பம் தங்குற மாதிரி இருக்கணும், நாலு டீச்சர்ஸ் ஷேர் பண்ற ஃப்ளாட்ட காட்டி அத வாங்க முடியாது.

மத்த நாட்டுக்குப் போக யோசிக்கிறவங்களும் இதப் படிப்பீங்க, அதனால சுருக்கமா சொல்லிடுறேன். கொரியா பத்தி யூட்யூப்ல "ஃப்ரீ ஸ்டுடியோ அப்பார்ட்மென்ட்"னு நிறைய பாத்திருப்பீங்க, அது நிஜந்தான், ஆனா அதுக்கு வேணும்ங்கிற இங்கிலீஷ் டீச்சர் விசா, ஈ-2ன்னு சொல்வாங்க, அது அடிப்படைல அமெரிக்கா, இங்கிலாந்து மாதிரி ஏழு நாட்டு பாஸ்போர்ட்டுக்கு. நமக்கு 2010ல நடைமுறைக்கு வந்த இந்தியா கொரியா ஒப்பந்தத்துல, டீச்சர் தகுதி இருக்கிறவங்க ஸ்கூல்ல அசிஸ்டன்ட்டா போக ஒரு குறுகலான வழி இருக்கு. அங்க வீடுன்னா ஒரே ரூம், தரைக்கு அடில சூடு ஓடும், குளிர்ல அது சொர்க்கம், கேஸ் பில்லும் அதுக்கு ஏத்த மாதிரி வரும். குப்பைய பிரிச்சு அந்த ஏரியாவுக்குன்னு விக்கிற பையிலதான் போடணும், சாப்பாட்டுக் கழிவு தனி. அங்க ஜான்சேன்னு ஒரு முறை உண்டு, நம்ம பெங்களூர்ல லீஸ் வீடுன்னு சொல்றோமே, மொத்தமா ஒரு தொகை குடுத்துட்டு மாச வாடகை இல்லாம இருந்துட்டு காலி பண்ணும்போது முழுசா திருப்பி வாங்குறது, கிட்டத்தட்ட அதேதான். ஸ்கூல் அப்படி எடுத்த வீடுன்னா, அவங்க போட்ட அந்தத் தொகைக்காக உங்க சம்பளத்துலருந்து ஒரு ரூபா கூட போகக்கூடாது. கடைசி பில்லுக்காகன்னு முதல் சில மாசம் கொஞ்சம் பிடிப்பாங்க, அது எவ்வளவு, எப்ப திரும்ப வரும்னு கேட்டு எழுதி வைங்க.

ஜப்பான்ல வீடு "தர்றோம்"னு சொன்னாலும் பல இடத்துல வாடகை நம்மதுதான், கம்பெனி ஜாமீன் நிக்கும், அவ்வளவே. ஆனா அந்த ஜாமீன் சாதாரண விஷயம் இல்ல, அது இல்லாம வெளிநாட்டு ஆளுக்கு அங்க வீடு கிடைக்கிறது பெரும்பாடு, கூடவே ஓனருக்கு திரும்ப வராத ஒரு அன்பளிப்புத் தொகையும் கேக்குற வழக்கம் உண்டு. சாமான் இல்லாத வீடுன்னா லைட்டு, ஸ்டவ், கர்ட்டன் கூட இருக்காது. கரண்டு 100 வோல்ட், நம்ம ஊரு மிக்ஸி, வெட் கிரைண்டர் எதுவும் ஒழுங்கா ஓடாது, தூக்கிட்டுப் போகாதீங்க. ஸ்கூல்ல அசிஸ்டன்ட் டீச்சரா போறதுக்கு 12 வருஷம் இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச சர்ட்டிஃபிகேட் கேப்பாங்க, நம்ம ஊர்ல பல பேருகிட்ட அது இருக்கு, அதனால ஸ்கூல்ல லெட்டர் வாங்கி வைங்க.

சீனாவுல யுனிவர்சிட்டி கேம்பஸ் உள்ளயே டீச்சர்ஸுக்குன்னு ஃப்ளாட் குடுப்பாங்க, சில இடத்துல ராத்திரி கேட்ட பூட்டிடுவாங்க. சின்லிங் மலை, ஹுவாய் ஆறு இந்தக் கோட்டுக்கு வடக்கால இருக்கிற ஊர்ல குளிர் காலத்துல அரசாங்கமே பைப் வழியா சூடு குடுக்கும், பெய்ஜிங்ல நவம்பர் நடுவுலருந்து மார்ச் நடு வரைக்கும். அதுக்குத் தெற்கால அந்த வசதி கிடையாது, ஷாங்காய் பக்கம் ஜனவரில வீட்டுக்குள்ள ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காரணும், பெங்களூர் டிசம்பர் குளிரையே தாங்காதவங்க இத யோசிச்சுக்கோங்க. ஆனா அங்கயும் இங்கிலீஷ் டீச்சர் விசாவுக்கு இங்கிலீஷ தாய்மொழியா பேசுற நாட்டு பாஸ்போர்ட், இல்லன்னா அந்த நாட்டு டிகிரி கேக்குறாங்க. "பிசினஸ் விசால வாங்க, பாத்துக்கலாம், வீடு ரெடி"ன்னு ஏஜென்ட் சொன்னா போகவே போகாதீங்க. சீனாவுல வந்து 24 மணி நேரத்துக்குள்ள எந்த வீட்டுல தங்குறீங்கன்னு போலீஸ்ல பதியணும், நீங்க யாரு, என்ன விசா, எங்க இருக்கீங்கன்னு எல்லாம் அங்க தெரிஞ்சுரும், மாட்டினா அந்த ஏஜென்ட் வர மாட்டான், நீங்கதான் நிக்கணும். வியட்நாம்ல பெரும்பாலும் வீடு குடுக்குறது இல்ல, அலவன்ஸ்தான், அங்கயும் ஓனர் போலீஸ்ல உங்க பேர பதியணும், பதிய மாட்டேன்னு சொல்ற ஓனர் வீட்டுக்குப் போகாதீங்க.

ஏஜென்ட் பத்தி பேச்சு வந்ததால சொல்றேன். இந்தியாலயே உங்ககிட்ட "வீட்டு அட்வான்ஸ்", "அக்காமடேஷன் சார்ஜ்"னு தனியா காசு கேட்டா அங்கயே நிறுத்திடுங்க. கவர்மென்ட்ல பதிஞ்ச ரெக்ரூட்டிங் ஏஜென்ட் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதுக்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், பதிஞ்சவங்க பேரு இமைகிரேட் வெப்சைட்ல இருக்கு, போய் தேடிப் பாத்துட்டுப் பேசுங்க.

இனி நீங்க இந்த வாரம் பண்ண வேண்டியது. ரெண்டு ஸ்கூலுக்கும் தனித்தனியா மெயில் போடுங்க, மரியாதையா, ஆனா ஒண்ணும் விடாம. அதுல முக்கியமா ரெண்டு கேளுங்க. முதல்ல, எனக்குக் குடுக்கப் போற அதே ரூமோட வீடியோ வேணும்னு கேளுங்க, வெப்சைட்ல போட்ட சாம்பிள் ரூம் ஃபோட்டோ வேணாம், போன்ல எடுத்த வீடியோ போதும், கதவத் திறந்து உள்ள போய் பாத்ரூம், ஜன்னல், பூட்டு வரைக்கும். ரெண்டாவது, இப்ப அந்த வீட்டுல இருக்கிற இல்ல போன வருஷம் இருந்த டீச்சர்கிட்ட பேச நம்பர் கேளுங்க. நல்ல ஸ்கூல் தயங்காம குடுக்கும். அவங்ககிட்ட பேசும்போது வீடு எப்படின்னு பொதுவா கேக்காதீங்க, நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க. போன மாசம் கரண்டு பில் எவ்வளவு வந்துச்சு, பைப் ஒழுகினப்ப சரி பண்ண எத்தன நாள் ஆச்சு, ராத்திரி ஒன்பது மணிக்கு மருந்து வாங்கணும்னா தனியா நடந்து போக முடியுமா, மாத்து சாவி யாருகிட்ட இருக்கு, இப்படிக் கேளுங்க. பொண்ணுங்க தனியா இருக்கும்போது அந்த மாத்து சாவி கேள்வி ரொம்ப முக்கியம். முன்னாடி இருந்தவங்க எத்தன பேரு அந்த சாவிய வச்சிருக்காங்கன்னு யாருக்கும் தெரியாது, அதனால பூட்டோட சிலிண்டர மாத்தித் தரச் சொல்லுங்க, பெரிய செலவு கிடையாது, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் இருக்கணும். பாஸ்போர்ட் எந்த ஊரா இருந்தாலும் உங்க கைலதான் இருக்கணும், விசா ஸ்டாம்பிங்குக்கு குடுத்தா முடிஞ்ச அன்னிக்கே திரும்ப வாங்கிடுங்க.

ரெண்டுல எதுன்னு கேட்டீங்க. வீட்ட மட்டும் வச்சு பாத்தா, முதல் தடவ வெளிநாடு போறவங்களுக்கு மஸ்கட்தான் சுலபம், உடம்பு சரியில்லன்னா பக்கத்து ரூம்ல கஞ்சி வச்சுக் குடுக்க ஒரு ஆள் இருப்பாங்க, அம்மாவும் நிம்மதியா தூங்குவாங்க. ஆனா தனியா இருக்கணும், என் ரூம் என் நேரம்னு இருக்கணும்னா ஷேரிங் ஃப்ளாட் உங்களுக்கு மூச்சு முட்டும், அப்ப தாய்லாந்து ரூம் சின்னதா இருந்தாலும் அது முழுசும் உங்களோடது, கதவச் சாத்தினா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க, ஊரும் தன்மையான ஊரு. எனக்கு அந்தத் தனி ரூம்தான் பிடிச்சிருந்துச்சு, ஆனா நான் அங்க போனது மஸ்கட்ல இருந்து பழகினப்புறம்.

எந்த ஸ்கூல் உங்க மெயிலுக்கு வரி வரியா பதில் போடுதுன்னு பாருங்க, அதுலயே பாதி தெரிஞ்சுரும், வீட்டப் பத்தி கேட்டதுக்கே மழுப்புறவங்க சம்பளம் லேட்டான மாசம் எப்படி பதில் சொல்வாங்க? அந்த மெயில்ல காலி பண்ற நாள், லீவு மாச ரூம், கரண்டு ரேட் மூணும் எழுத்துல வந்தப்புறம் கே.ஆர்.புரம் ஸ்கூல்ல நோட்டீஸ் குடுங்க, அதுவரைக்கும் வேண்டாம்.